ஒன்பது நாள்

போகலில், ரொட்டி அடுப்புக்கு மேலே இரண்டாம் மாடி.
பெயர்ப்பலகை கிடையாது எங்களுக்கு.
எள் தூவிய ரொட்டி வாசனையைப் பிடித்துக்கொண்டே
வந்துவிடுகிறார்கள்.

மர்ஸியா கடிதத்தை நான்காய் மடித்து
மருந்துச்சீட்டுகளுக்கு நடுவே வைத்திருந்தாள்.
ஆறு பத்தி ஆங்கிலம்.
ஐந்தாவதில்: நம்பகத்தன்மை இல்லை.
முதல் நேர்காணலில் ஆகஸ்ட் மூன்று,
இரண்டாவதில் ஜூலை இருபத்தைந்து.
தம்பியைக் கடையிலிருந்து இழுத்துப்போன நாள்
மாறக்கூடியதா என்று
மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

நானும் கேட்டேன். கேட்பதற்குத்தான் இந்த நாற்காலி.
ஷட்டர் பாதி இறங்கியிருந்ததா, முழுசாகவா?
எத்தனை பேர்? வண்டி என்ன நிறம்?
நீங்கள் எங்கே நின்றீர்கள்,
அங்கிருந்து தெரியுமா?
மொழிபெயர்க்க வரும் நஸீருக்கு வயது பத்தொன்பது.
அவள் அழுத இடத்தில்
‘அழுகிறார்’ என்று மொழிபெயர்த்தான்.

தேதி?
‘ஸெ அசத்’ என்றாள்.
‘ஆகஸ்ட் மூணு’ என்றான் நஸீர், யோசிக்காமல்.
அசத், ஆகஸ்ட்.
வாய் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் திறக்கிறது.
அவள் மேஜையைத் தட்டினாள். அசத். அசத்.
பிறகு எழுந்து போனாள் சுவர்ப்பக்கம்.

கரூரில் பஸ் பாடி கட்டும் ஒரு கம்பெனியின்
தினசரி காலண்டர் அது.
என் தம்பி வருஷாவருஷம் கூரியரில் அனுப்புவான்,
டெல்லியில் நாள் நட்சத்திரம் கிடைக்காதென்று.
தாளின் அடியில் பன்னிரண்டு குட்டிப் படங்கள்.
ஆட்டின்மேல் விரலை வைத்தாள்: ஹமல்.
காளை: ஸௌர்.
இரட்டையர், நண்டு.
சிங்கத்தின்மேல் நிறுத்தி
திரும்பி என்னைப் பார்த்தாள்.

மேஷம் ரிஷபம் மிதுனம் கடகம்
என்று என் வாய் தானாக முணுமுணுத்தது.
தமிழ் ஒரெழுத்தும் தெரியாத ஒருத்தி
என் சுவரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சிங்கம் அவர்கள் சிங்கத்துக்கு
மூன்று வாரம் பின்னால் வருகிறது.
ஏதோ வானக் கணக்கு.
இதையெல்லாம் மனுவில் எழுத முடியாது.
மார்ச் இருபத்தொன்றில் தொடங்கி
விரல்விட்டு எண்ணினோம், மூன்று பேரும்.
நஸீர் போனில் சரிபார்த்தான்.
மூன்று அசத். ஜூலை இருபத்தைந்து.
முதல் நாளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.
எழுதியவர் கை மாற்றிப்போட்டிருக்கிறது.

பத்தி எண் ஏழு, திருத்தம், இணைப்பு ‘சி’ என்று
நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது
அவள் என்னவோ சொன்னாள், யாரிடமும் இல்லாமல்.
நஸீர் இந்த முறை அவசரப்படவில்லை.
‘அப்படின்னா அந்தப் பேப்பர்ல
அவன் ஒன்பது நாள் கூடுதலா
கடையில உட்கார்ந்திருந்தானாம்,
பல்பு சோதிச்சுக்கிட்டு.’

மின்விசிறி சத்தம்.
கீழே யாரோ நாலு ரொட்டி கேட்டார்கள்.

போகும்போது சிங்கத்தைக் காட்டிக் கேட்டாள்,
பக்கத்தில் என்ன போட்டிருக்கிறதென்று.
வீண் அலைச்சல் என்று போட்டிருந்தது.
நல்ல செய்தி வரும், என்றேன்.
இந்த வழக்கில் இதுவரை சொல்லப்பட்ட பொய்
அது ஒன்றுதான்.

முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பதாவது நாள்,
வசந்த் விஹார், ஜூன் வெயில், வரிசை.
பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
ஆட்டோவில் ஏறியபிறகுதான் பார்த்தேன்.
நாள் தெளிவாக விழுந்திருக்கிறது, வருஷமும்.
மாதம் மட்டும் மசியாய் ஈஷிக்கிடக்கிறது.

இறங்கிவிட்டேன்.
மீட்டர் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு
திரும்பவும் வரிசையின் கடைசியில்,
ஒரு சூடானியருக்குப் பின்னால்,
அந்தத் தாளைப்
பழுக்காத ஏதோவொன்றைப் போல
இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.