ஐம்பத்தேழும் சொச்சமும்

சில்லைத் தொடும் இடத்தில்
நாணுக்கு மயிர் எழும்பியிருக்கிறது.
மெழுகு தேய்த்துப் படுக்க வைத்தேன்.
பத்து அம்பு தாண்டவில்லை,
திரும்பவும் எழும்பிவிட்டது.
ஐம்பது இறாத்தல் இழுவையை
இழை அறுந்த நாணில் ஏற்றிக்
கன்னத்தோடு அணைத்து நிற்பது
வீரமில்லை, விசர்.

கல்முனையில், வங்கியில், அடகுப் பிரிவு எனக்கு.
நாளுக்கு இருபது முப்பது சங்கிலி கைமாறும்.
நடுவில் அறுந்து வந்ததைக் கண்டது குறைவு.
கொளுக்கி உரசும் இடத்தில்தான் உயிர் போகும்.
இதற்கும் அதே வருத்தம்.

டோஹாவில் அத்தானின் கூட்டாளி
விட்டுப்போன வில்.
நாணின் நீளம் எழுதிய ஒட்டுத்தாள்
பெரியகல்லாற்று உப்புக்காற்றில் உரிந்துவிட்டது.
ஐம்பத்தேழு தெரிகிறது.
பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே நாலு.
மேலே இருந்தது ஒன்றா, மூன்றா?
காலா, முக்காலா?

அரை அங்குலத்தில் என்ன வந்தது என்றான் தம்பி.
சில்லு இரண்டும் ஒன்றாய்த் திரும்பாது,
இழுவை மாறும், அம்பு கோணும் என்றேன்.
அவன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலைச்சாமான் கடை நியாமத் காக்கா
முறுக்குக் கயிறொன்றை இழுத்துக் காட்டினார்.
"இதில சுறாவே ஏறும் மிஸ், அம்பு என்ன பெரிசு!"
ஏறும்தான்.
சுறாவுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற கயிறு அது.
எனக்கு விட்டுக்கொடாத ஒன்று வேணும்.
காசு வாங்காமல் ஒரு முழம் வெட்டித் தந்தார்,
கொடி கட்ட உதவுகிறது.

ஜாக்கி வைத்து வில்லை நெரித்து
நாணைக் கழற்றி அளப்போம் என்றான்
கராஜ் செல்வமோகன்.
கையெடுத்துக் கும்பிட்டேன்.

பினாங்கில் நாண் முறுக்குகிறவர் கேட்டு எழுதினார்:
எத்தனை இழை? என்ன நூல்? எந்த நிறம்? நீளம்?

இழை இருபத்திநாலு.
குறைத்தால் வேகம்,
ஆனால் என் அம்பின் வால்வெட்டு அதில் ஆடும்.
நூலில் இரண்டு வகை.
ஒன்று பறக்கும், சித்திரை வெயிலில் மெல்ல நீளும்.
மற்றது சோம்பல், சொன்ன நீளத்தில் நிற்கும்.
சோம்பலை எடுத்தேன்.

நிறம்?
இந்த வில்லில் நான் தேர்ந்தது இதுவரை எதுவுமில்லை.
கறுப்பும், வலை மிதப்பின் செம்மஞ்சளும் என்றேன்.
இரண்டு நிறமென்றால் முறுக்கு கண்ணுக்குப் பிடிபடும்
என்று காரணமும் எழுதினேன்,
அவர் கேட்காமலே.

நீளம் மட்டும் நின்றது.
ஏற்றக் கொழும்புக்குத்தான் போகவேணும்.
ஒருமுறை போகத்தான் லீவு, ஒருமுறைக்குத்தான் காசு.

அடகுக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தது பிழைதான்.
ஞாயிறு இரவு, டோர்ச் வெளிச்சத்தில்,
இருபத்திரண்டு கரட் முத்திரை தேடுகிற அதே கண்ணால்
கீழ்ச் சில்லின் உட்பக்கம் துடைத்துப் பார்த்தேன்.
அழுக்குக்குள் ஒரு எழுத்து, ஒரு எண்.
படம் எடுத்து அனுப்பினேன்.
அரை மணியில் பதில் வந்தது:
முக்கால்.

நான் கால் என்று முடிவுகட்டி
பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போயிருந்தேன்.

தபால் கந்தோரில் பொதியைக் குலுக்கினார்கள்.
கிற்றார் கம்பியா?
வில்லுக்கு நாண்.
எந்த ஊர்க் கூத்து?
கையெழுத்து வைத்தேன்: ஞா. நேசதர்சினி.

இரவு பஸ், மடியில் வில்.
போக எட்டு மணித்தியாலம்,
ஏற்ற இருபது நிமிடம்.

இன்று சவுக்கங்காட்டில் முதல் அம்பு.
இழுத்தேன்.
குறிபார்க்கும் துளை பக்கவாட்டில் திரும்பிக்
கடலைப் பார்த்தது.
என்னைப் பார்க்கவில்லை.
இழைகள் தங்களுக்குள் அமரும்வரை
புதுசு இப்படித்தான், முகம் திருப்பும்.
நாண் என்று பேர் வைத்தவன்
சும்மா வைக்கவில்லை.

அறுபது அம்பில் பாதி திரும்பியது.
பிறையளவு வெளிச்சம், அதற்குள்
மஞ்சள் வட்டத்தின் ஓரம்.
அதை நம்பி அறுபத்தோராவதை விட்டேன்.

மணலுக்குள் எங்கேயோ.
தேடிக்கொண்டிருக்கிறேன்.