நாலாயிரம் மீட்டரில் பேரம்

எல் ஆல்ட்டோவில் வியாழக்கிழமை என்றால்
ஊரே வந்து தரையில் விரிந்து கிடக்கும்.
காரின் இடது கதவு, கார் இல்லாமல்.
ஒற்றைச் செருப்புகள் ஒரு குவியல்;
ஜோடி அகப்பட்டால் உன் யோகம்.
திருகாணி, திராட்சை, பல்செட்டு,
அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கோழி.
"அஞ்சு, அஞ்சு, எல்லாம் அஞ்சு" என்று
ஒலிபெருக்கி தன்பாட்டுக்குக் கத்த
அதன் சொந்தக்காரர் குனிந்து சூப் குடிக்கிறார்.

தலைக்கு மேல் சிவப்புக் கம்பிவண்டிகள்
சத்தமில்லாமல் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டுகின்றன.
கொட்டப்பட்டவர்களில் நானும் ஒருவன்,
மூன்று சட்டை போட்டும் நடுங்குகிறவன்.

அமெரிக்காவில் எவரோ கழற்றிப் போட்ட கோட்டுகள்
மலையாகக் கிடந்தன. உச்சியில்
தொப்பி சாயாமல் தோன்யா பாசிலியா.
பழுப்புக் கோட்டு ஒன்றை உருவினேன்.
கால்குலேட்டரில் நூற்றிருபது தட்டிக் காட்டினாள்.

எழுபது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
வாய் திறந்தது, மூச்சு வரவில்லை.
இந்த உயரத்தில்
காற்றையும் அளந்துதான் தருவார்கள் போல.
என் மௌனத்தை அவள் எடைபோட்டாள்.
நூற்றுப் பத்து.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நூறு.
கண்ணை மூடினேன். தொண்ணூறு.
முழங்காலில் கைவைத்துக் குனிந்ததும்
மகா அழுத்தக்காரன் என்பதுபோல
பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ முறையிட்டு
எழுபத்தைந்து தட்டினாள்.
ஆயுசெல்லாம் பேசிப் பேசித் தோற்றவன்
வாயே திறக்காமல் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் என் உதட்டைப் பார்த்தாள். நீலம்.
குவியலிலிருந்து சறுக்கி இறங்கி வந்து
மூட்டை மேல் என்னை உட்காரவைத்து
கோக்கா இலைகளை வாயில் திணித்தாள்,
இங்கே அடக்கு என்று தன் கன்னத்தைத் தட்டிக் காட்டி.
கசப்பு. பிறகு மரத்துப்போன நாக்கு. பிறகு
எங்கிருந்தோ ஒரு முழு மூச்சு.

"கிராசியாஸ்" என்றேன், கணீரென்று.
அவள் சிரித்தாள். கால்குலேட்டரை எடுத்தாள்.
நூற்றிருபது.

எண்பத்தெட்டில் முடிந்தது.
கோட்டில் மூன்றாவது பித்தான் இல்லை. காட்டினேன்.
"யாப்பா" என்றபடி டப்பாவைக் கிளறி
ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.
பச்சை. கோட்டுக்கும் அதற்கும்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
யாப்பா என்றால் கொசுறு.
அதை எனக்கு யாரும் விளக்கவில்லை.

இறங்கும் வண்டியில் எதிரே இருந்தவர் மடியில்
அந்த இடது கதவு.
வலது கதவும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்க
மூச்சு இருந்தது, மொழி இல்லை.
அவர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, ஏற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.