அறுபத்தொரு நாள்

தடைக்காலத்தின் முதல் நாள்
வலையை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.
"எப்ப போவீங்க?" என்றாள் ரோஷ்லின்.
நாலு வயது.
விருந்தாளியிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

மெர்சிலா ஏழு மணிக்கு
நண்டுக் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள்.
படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு சொன்னாள்:
வாளியில் தண்ணீர் நிற்கக் கூடாது,
போன வருசம் தெற்குத் தெருவில் ஒரு பிள்ளை...
முடிக்கவில்லை.
மண்ணெண்ணெய் கேன் பரணில்.
தூண்டில் முள் டப்பா, உங்க தீப்பெட்டி, அதுவும் பரணில்.
தட்டில் வைத்தால் தின்பாள், ஊட்டினால் துப்புவாள்.
வேன் போய்விட்டது.
இத்தனையையும் இவள் நாலு வருடமாகத்
தனியாகத் தலையில் சுமந்திருக்கிறாள்.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான்
எல்லாக் காற்றும் எனக்குத் தெரியும்.
பாம்பன் துறையில் எத்தனையாம் எண் கூண்டு ஏறினால்
எதற்குப் பயப்பட வேண்டும் என்றும் தெரியும்.
வீட்டுக்குள் பதினோரு மணிக்கு எழுந்த புயலுக்கு
யாரும் கூண்டு ஏற்றவில்லை.
நீலத் தம்ளரில் ஆரம்பித்தது.
கொடுத்தேன். அதில் தண்ணீர் இருக்கக் கூடாதாம்.
கொட்டினேன். ஏன் கொட்டினேன் என்று
தரையில் விழுந்து துடித்தாள்,
தட்டில் கொட்டிய பாரை மாதிரி.

கத்தினேன்.
இஞ்சினுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

அழுகை சட்டென்று நின்றது.
நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.
கட்டிலுக்கடியில்
காதைப் பொத்திக்கொண்டு
என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அப்பா எனக்கு நீச்சல் பழக்கியது இப்படி:
ஆறு வயதில் வத்தையிலிருந்து தூக்கிப் போட்டார்.
மேலே வந்தேன். கரை சிரித்தது.
பயம் தெளிந்துவிட்டது என்றார்கள்.
எங்கே தெளிந்தது?
முப்பத்துநாலு வயதில்
நேவிக்காரன் விளக்கு எங்கள் படகின்மேல் விழுந்த இரவு
என் முட்டிக்குள் நடுங்கியது அந்தப் பையன்தான்.
மெர்சிலாவிடம்கூடச் சொன்னதில்லை.

குப்புறப் படுத்துத் தலையை நுழைத்தேன்.
தூசி, ஒற்றைச் செருப்பு, உடைந்த கிரேயான்.
"அப்பா கத்துனது தப்பு."
வாய்க்குப் பழகாத வார்த்தை, பல்லில் இடறியது.
அவள் பதில் சொல்லவில்லை.
நான் எழுந்திருக்கவும் இல்லை.
வெகுநேரம் கழித்து
கிரேயானை என் பக்கம் உருட்டினாள்.
திருப்பி உருட்டினேன்.
சோறு அடிப்பிடித்த வாசனை வரும்வரை
அதே வேலையாக இருந்தோம்.

அதற்குப் பிறகு நான் கத்தவே இல்லை என்று
சொல்ல முடியாது.
கத்தினால் கட்டிலடிக்குப் போகிறவன் நானாயிருந்தேன்.

கச்சான் எழுந்து தென்கடல் குமுறும்போது
வடகடல் ஆறிய கஞ்சிபோல் கிடக்கும்.
கூட்டிப்போனேன்.
முட்டி ஆழம். அவள் முட்டி.
"தூக்கிப் போடப்பா, தன்னால வந்துரும்!"
அணியத்தில் உட்கார்ந்திருந்த அந்தோணிப்பிச்சை.
சிரித்துவைத்தேன்.
"பயமா இருக்கா பாப்பா?"
"இருக்கு."
"எங்க இருக்கு?"
யோசித்து, வயிற்றைத் தொட்டாள்.
"எனக்கும் அங்கதான் வரும்."
"பெரியவங்களுக்குமா?"
"அடிக்கடி."
இதற்கு அவள் சிரித்த சிரிப்பில்
பயத்தில் பாதி கரைந்திருக்கும்,
யாருடையது என்று தெரியவில்லை.

முதுகுக்கடியில் என் இரண்டு கை.
ஒன்றை எடுத்தேன்.
எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்தேன்.
நாலைந்து நாள் கழித்து மற்றதை,
அதையும் சொல்லிவிட்டு.
மூன்று எண்ணும்வரை மிதந்தாள்.
பிறகு முழுகி, உப்பைத் துப்பி, இருமி,
"கை!" என்றாள்.
கை இருந்தது.

உறங்கும்போது நழுவிப் போவதுதான் என் வழக்கம்,
விழித்தால் அழுவாள் என்று.
அறுபத்திரண்டாம் நாள் எழுப்பினேன்.
அப்பா இப்போ போறேன்,
நாளைக்கு விடிய வருவேன்.
அழுதாள்.
டோக்கனுக்கு நேரமாகிவிட்டது,
ஆனாலும் அழுது முடிக்கும்வரை நின்றேன்.
மூக்கை என் சட்டையில் துடைத்துவிட்டு
என் வயிற்றில் கை வைத்தாள்.
"இருக்கா?"
"இருக்கு."
"நெறையவா?"

கொஞ்சம், என்றேன்.
அது ஒன்றுதான் பொய்.