ஈயம்

புயல் கரை கடந்த மூன்றாம் நாள்
தரங்கம்பாடி மணலில் ஹெட்போன் மாட்டி நடந்தேன்.
ஆறு கொண்டுவந்து தள்ளிய வைக்கோலும் ஆகாயத்தாமரையும்
காலைச் சுற்றின.
சோடா மூடி, தூண்டில் முள், சோடா மூடி,
யாரோ கோபத்தில் எறிந்த மெட்டி.
பிறகு, சாண் ஆழத்தில், இது.

துரு இல்லை. பச்சை இல்லை.
நகம் பட்டாலே கீறல் விழுகிறது.
காந்தம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பொறையாறு நகைக்கடைத் தராசில்
ஒரு கிராம் முந்நூறு மில்லி.
"செம்பும் இல்ல, வெள்ளியும் இல்ல,
உங்களுக்கு வேலையும் இல்ல" என்றார் தனராஜ் பத்தர்.

பல்துலக்கியால் தேய்த்தேன்.
ஒரு கிரீடம்.
அதன் கீழ் பின்னிக்கிடந்த எழுத்து
ஐந்தாகவும் தெரிந்தது,
சற்றே திருப்பினால் நண்டாகவும்.
சோழன் காசென்று தூங்காத இரவு ஒன்று.
டச்சுக்காரனென்று இரண்டு.
கடைசியில் கோட்டைக்குள்
கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தான் இதன் தம்பி:
டென்மார்க் ராஜா. ஈயக்காசு.

ஓடிப்போய்க் காட்டினேன்,
வலை பொத்திக்கொண்டிருந்த தெய்வக்கன்னியிடம்.
முன்பல்லில் ஒரு கடி.
"இதா?"
அடிக்கயிற்றை இழுத்துப் போட்டாள்.
இரண்டாய் மடிந்து
கயிற்றைக் கவ்வியபடி
ஏழெட்டுக் கிரீடங்கள்.
"அலை கொண்டாந்து போடும்.
மடக்கிக் கட்டிட்டா குண்டு வாங்குற காசு மிச்சம்."

ராஜாவின் பெயரைச் சொன்னேன்.
"இருக்கட்டும்.
இங்க ஒண்ணு கொறையுது பாரு."

விடியுமுன் வலை போய்விட்டது.
என் விரல்நுனியில் பென்சில் கறை போல ஒன்று.
சோப்புக்கு மசியவில்லை.