ஏழாவது சக்கரம்

திரியெஸ்தே துறைமுகம், நான்காம் கிடங்கு.
போரா காற்று வீசும் நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள், பிடித்து நடக்க.
அப்படியொரு நாளில்தான் பெட்டி வந்தது.

பொருள்: இயந்திரம்.
எடை: எண்பத்து நான்கு கிலோ.
பயன் என்ற கட்டத்தில்
துல்லியோ ஷ்வாப் எழுதியிருந்தார்:
பெய்த மழையை மேகத்துக்குத் திருப்பி அனுப்புவது.

வேலை செய்யுமா என்றேன்.
"நாவலில் செய்கிறது."

முப்பது வருடம் கப்பல் எஞ்சினில் கிடந்த கைகள்.
ஓய்வுபெற்றபின் ஒரே புத்தகத்தைப்
பதினோரு தடவை படித்து,
காதலை, கொலையை, கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டு
இயந்திரத்தை மட்டும் வெளியே எடுத்திருக்கிறார்,
மீனை எறிந்து
முள்ளை வைத்துக்கொண்டவர்போல.

போகுமிடம் வால்பராய்சோ. ஏதோ கண்காட்சி.
கூடவே வந்த கையேட்டில் பேராசிரியர்கள்:
ஒருவருக்கு அது அரசாங்கம்,
ஒருவருக்குக் கடவுள் காலிசெய்த வானம்,
இன்னொருவர் எட்டுப் பக்கம் சுற்றிவந்து
அது அந்த நாவலேதான் என்கிறார்.
"மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கணும்,
அதை ஒருத்தரும் எழுதலை" என்றார் துல்லியோ.

குறியீட்டுக்குத் தீர்வை கிடையாது.
பித்தளைக்கு உண்டு.
எண்ணினேன்.

சக்கரம் ஏழு. பட்டியலில் ஆறு.

அறுபத்தோராம் பக்கத்தில் ஏழு என்றிருக்கிறதாம்,
நூற்று நாற்பதில் ஆறு.
நடுவில் ஒன்று எங்கே போனதென்று
எழுதியவர் சொல்லவில்லை,
சொல்லாமலே செத்தும் போனார்.
மறதி என்கிறது ஓர் அடிக்குறிப்பு.
உத்தி என்கிறது அதற்குக் கீழே இன்னொன்று.
இரண்டு பக்கத்துக்கும் துரோகமில்லாமல்
ஏழாவதை மட்டும் கழற்றும்படி செய்திருந்தார் துல்லியோ.

கணக்கில் வராததைப் பறிமுதல் செய்ய
எனக்கு அதிகாரம் உண்டு.
ஒரே ஒரு திருகாணி. எளிதாக வந்துவிட்டது.

அவர் தடுக்கவில்லை.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் விரலை வைத்தபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்,
இத்தனை வருடமாகத் தேடிய ஆள்
கவுண்டருக்கு இந்தப் பக்கம்
ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல.

"நீங்கள்தானா அது?"

ரசீது எழுதினேன்: சக்கரம், ஒன்று.
நெரினா சுலியானி என்று கையெழுத்தும் போட்டேன்.

நாவலை நான் படித்ததில்லை.
சக்கரம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது,
ஸ்டேப்ளருக்கும் காய்ந்த ஆரஞ்சுத் தோலுக்கும் நடுவே.
மழை பெய்யும்போது மட்டும்
இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது.

மரம். ஈரத்தில் உப்பும்.