மூன்று விநாடி

தார்த்து நகரம், ஐந்தாம் மாடி, பிப்ரவரி.
பகலெல்லாம் பீங்கான் பல் தேய்த்த விரல்களால்
வீவி ஒரு மஞ்சள் கேபிளை இழுக்கிறாள்.
கேபிள் என்று சொல்கிறேன்,
தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.
மவுஸை விட்டதும் திரையில் தொய்ந்து தொங்குகிறது
துணி போடாத கொடிக்கயிறு போல.

கறுப்புச் சட்டத்தில் நெருக்கியடித்து மாட்யூல்கள்.
நடுவில் ஒன்று மட்டும் மூஞ்சி இல்லாத பெட்டி.
தனக்கென்று ஒரு சத்தம் கிடையாது அதற்கு.
வேறு யாரோ எழுதிய பிளக்இன் ஒன்றை
உள்ளே அழைத்துக் குடிவைக்கும்,
அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

குடிவந்திருப்பது ஒரு பியானோ.
தன் குமிழ்களைத் திருப்புவது மனிதக் கை என்றே
நம்பிக்கொண்டிருக்கிறது.
திருப்புவதோ மூலையில் கிடந்து
பத்து விநாடிக்கொருமுறை மூச்சிழுக்கும் ஓர் அலை.
மூடியைத் திறக்கிறது, பாதி சாத்துகிறது,
நரம்புகள்மேல் கம்பளி போர்த்துகிறது, உருவுகிறது.
இன்னோர் அலை ஐந்து வோல்ட்டுக்குள் எதையோ உளற,
பக்கத்துப் பெட்டி அந்த உளறலைக் காதைப் பிடித்து
ஏழு சுரத்துக்குள் உட்காரவைக்கிறது.

விலை நூற்றிருபத்தொன்பது யூரோ.
வீவியிடம் இல்லை. ஆகவே சோதனைப் பதிப்பு.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
இந்த விருந்தாளிக்கோ
ஐம்பத்தேழு விநாடி பேச்சு,
மூன்று விநாடி வாய்ப்பூட்டு.
பாதிச் சுரத்தில், இரக்கமே இல்லாமல்.

முதல் வாரம் திட்டினாள்.
அடுத்த வாரம் எண்ணினாள்.
அப்புறம் ஒரு வியாழன் இரவு
ஒலியின் பருமனை அளக்கும் குட்டி மாட்யூலைக் கொண்டுவந்து
பெட்டியின் வாசலில் நிறுத்தினாள்:
அது வாயடைத்தால் நீ போய்ச் சொல்.
யாரிடம்? கதவிடம்.
கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு ரேடியேட்டர்,
கைபேசியில் பதிந்தது.
டங். கொர்ர். கீழ்வீட்டு உர்வே வால்வைத் திருப்பும்போது
குழாய் வழியே ஏறிவரும் ஒரு முனகல்.
பியானோ விட்ட மூன்று விநாடியிலும்
இரும்பு பேசிற்று.

பதினோரு நிமிடம் ஓடும் அதைக் கேட்டது ஒரே ஆள்.
ராய்டோ, வேலையில் எதிர் மேசைக்காரன்,
பல் அச்சில் சாந்து ஊற்றுபவன்.
ஹெட்போனைக் கழற்றி "நல்லா இருக்கு" என்றான்.
தயங்கி, "பியானோ அறுந்து அறுந்து போகுதே, கோளாறா?"
அவள் சிரித்துக்கொண்டே விலையைச் சொன்னாள்.

மார்ச் ஒன்பது, பிறந்தநாள்.
மின்னஞ்சலில் இருபது எழுத்து, இடையிடையே கோடு.
உரிம எண்.
சில வாரங்களாக அவன் கேண்டீன் பக்கம் வராதது
அப்போதுதான் உறைத்தது.

நன்றி எழுதினாள், மனமாரத்தான்.
எண்ணைத் தட்டினாள்.
பியானோ நிற்கவில்லை.
ஒரு நிமிடம். இரண்டு. ஒன்பது.
வாசலில் குட்டி மாட்யூல் விளக்கணைந்து நின்றது,
கதவு திறக்கவே இல்லை.

கடிகார மாட்யூல் ஒன்றைப் பூட்டி
ஐம்பத்தேழாவது விநாடியில் தானே
பியானோவின் கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள்.
கணக்கு சரி.
ஆனாலும் தனக்குத் தானே
கிச்சுகிச்சு மூட்டிக்கொள்வது போலிருந்தது.

சனிக்கிழமை ராய்டோ வந்தபோது
மைக் ஒன்று ரேடியேட்டரோடு ஒட்டிக் கிடந்தது,
பல் அச்சு மெழுகால்.
மஞ்சள் கேபிள் இப்போது எதிர்த்திசையில் ஓடிற்று.
பியானோ வாசித்தது, வாசித்தது,
ராய்டோ காபியை ஆற விட்டுவிட்டான்.

சட்டென்று மௌனம்.
அவன் முகம் விழுந்தது. "பணம் கட்டிட்டேனே..."

"உஷ்," என்றாள் வீவி,
"உர்வேவுக்குக் குளிருது."