ஏழாம் எண்

பில்பாவோ. மருத்துவமனையின் நான்காம் மாடி.
காலை ஒன்பதே கால்.
நெக்கானே உர்கிதியின் மண்டையோட்டில், இடப்பக்கம்,
ஒரு சன்னல் திறந்திருக்கிறது.
அவள் விழித்திருக்கிறாள்.
"மழை விட்டுவிட்டதா?" என்கிறாள்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
கீழே தீப்பெட்டி அடுக்காய்ச் சரக்குப் பெட்டகங்கள்.
எது எங்கே இருக்கிறது என்பதுதான் அவள் பிழைப்பு.
இன்று அதே கேள்வியோடு
அவளுக்குள் குனிந்திருக்கிறோம் நாங்கள்.

மூளைக்கு வலிக்காது.
உடம்பின் வலிக்கெல்லாம் கணக்கு வைத்திருப்பது
தன்னைத் தொட்டால் அறியாது.
டாக்டர் இபாரோலா மின்கோலை வைக்கிறார்.
நான்கு நொடி.
எடுக்கிறார்.
படம் காட்டுவது என் வேலை.

கத்தரிக்கோல். சொல்கிறாள்.
சாவி. சொல்கிறாள்.
ஒவ்வொன்றும் இரண்டு முறை:
சந்தைக்கும் சம்பளத்துக்கும் ஆன ஸ்பானிஷில் ஒன்று,
அம்மா திட்டாமல் பேசிய பாஸ்க்கில் ஒன்று.
வாய் தடுக்கும் இடத்தில்
நகக்கண் அளவு காகிதத்தில் ஓர் எண்.
ஈரமான வெளிறிய மடிப்புகளின் மேல்
ஒன்று, இரண்டு, மூன்று என
வீட்டு இலக்கங்கள் முளைக்கின்றன.
வீட்டில் யார் என்று கேட்காதீர்கள்.
கதவு சாத்தும் சத்தம் மட்டும்தான்
எங்களுக்குக் கேட்கிறது.

பிறகு அந்தப் படம் வந்தது.
மஞ்சள் இறக்கை, கறுப்புப் புள்ளி.
"இது ஒரு..." என்றாள்.
"இது ஒரு..."
கண் அதைப் பார்க்கிறது.
விரல் போர்வைக்கடியில் படபடத்துக் காட்டுகிறது.
மரிபோசா என்ற சொல் மட்டும்
எங்கோ எழுந்து போயிருந்தது.
"ச்சிமெலேத்தா!" என்றாள் அடுத்த முறை, பாஸ்க்கில்,
அதே இடத்தில், அதே மின்சாரத்தில், தங்குதடையின்றி.

"ஏழு" என்றார் டாக்டர்.
"ஸ்பானிஷ் இங்கே இருக்கிறது."
நான் எழுதிக்கொண்டேன்.

உறுதி செய்ய மறுபடியும் வைத்தார்.
"இது ஒரு... இது ஒரு..."
மின்கோலை எடுக்கும் முன்பே வெடித்தாள்.
பாலில் தொடங்கி, ஆண்டவனைத் தொட்டு,
டாக்டரின் தாயார் வரை இறங்கி
ஒரு முழு வசவு.
துறைமுகத்து ஸ்பானிஷ். இலக்கணம் பிசகவில்லை.
பாஸ்க்கில் உருப்படியான வசைச்சொல் கிடையாது,
அதற்கு மட்டும் கடன் வாங்குகிறோம் என்பார்கள் இங்கே.

மயக்க மருந்து தருகிற இளைஞன்
முகமூடிக்குள் குலுங்கினான்.
டாக்டர் ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.
என் குறிப்பேட்டில் மை காயாத வரி:
ஸ்பானிஷ் இங்கே இருக்கிறது.
அடித்துவிட்டு எழுதினேன்:
பட்டாம்பூச்சி இங்கே வழியில் நிற்கிறது.
கோபம் வேறு பாதையில் வரும்.

கட்டியை எடுத்தார்கள்.
ஏழைச் சுற்றி ஓர் ஓரம் விட்டு,
பயிருக்குள் களை பிடுங்குவது போல.
கடைசியில் செவிலி இடுக்கியால்
எண்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
மஞ்சள் வாளியில் போட்டாள்.
எண்ணில்லாத அந்த மடிப்புகளைப் பார்த்தபோது
எந்தத் தெருவென்றே தெரியவில்லை எனக்கு.

நான்காம் நாள், கட்டுப் போட்ட தலையோடு
தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
நினைவிருக்கிறதா என்றேன்.
"எல்லாம்" என்றாள்.
"நீ ஒரு மீனைக் காட்டினாய். பெயர் வரவில்லை.
உன் கழுத்தில் பச்சைத் துணி சுற்றியிருந்தது."

மீன் படம் எங்கள் கட்டில் இல்லை.
அறுவை அறைக்குள் கழுத்துத் துணி கட்டி
யாரும் நுழைய முடியாது.
சொன்னேன். சிரித்தாள்.
"மண்டை என்னுடையது, எனக்குத் தெரியாதா?"

ஒளிப்பதிவு இருக்கிறது.
ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.
இதை எழுதும் இரவு வரை அழுத்தவில்லை.
ஆற்றோரம் நடந்து வீடு திரும்பும்போதெல்லாம்
அந்தக் காலையைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்:
விளக்கு, மின்கோல், ஏழு, அவளுடைய வாய்.
குனிந்து படத்தை நீட்டுகிறேன்.
கழுத்தில் ஏதோ உறுத்துகிறது.
பச்சைதான்.